தறிக்காரர் வீட்டில் ஏழு மாதம்

மாரிக்கண்ணன் எங்கள் எதிர்வீட்டுக்காரர். சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டிப் பிழைக்கிறவர்கள் எத்தனையோ பேர். அவரும் அதில் ஒருவர். பதினேழு வயதில் தறிக்கூடத்துக்குள் நுழைந்தவருக்கு அப்போது முப்பத்துமூன்று வயது. அதிகம் பேச மாட்டார். பேசினால் தறிச் சத்தத்தில் பழகிய குரல், தெருவுக்கே கேட்கும். நான் வாசலில் தையல் மெஷின் போட்டிருப்பவள். அதனால் அந்த வீட்டில் நடந்ததில் பாதியைக் கண்ணால் பார்த்தேன், மீதி காதில் விழுந்தது.

அவர் மனைவி தேன்மொழி இரண்டாவது முறை பரீட்சை எழுதிப் போலீஸ் வேலைக்குத் தேர்வானாள். ஆனால் ஆர்டர் வந்த அன்று அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. வெளியூரில் ஏழு மாதம் பயிற்சி. மகள் கோமதிஸ்ரீக்கு ஏழு வயது. மகன் அருண்குமாருக்கு ஐந்துகூட முடியவில்லை.

"பிள்ளைகள விட்டுட்டு நான் எப்படிப் போவேன்க்கா," என்று என்னிடம் அழுதாள். அன்று சாயங்காலம் வேலை விட்டு வந்த மாரிக்கண்ணன், செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "நீ போ. பிள்ளைகள நான் பாத்துக்கிடுதேன்."

"உங்களுக்கு ஒரு ரசம் வைக்கத் தெரியுமா?"

"தெரியாது. படிச்சுக்கிடுதேன்."

அவள் போன முதல் இரண்டு வாரம் பார்க்கச் சகிக்கவில்லை. விடிவதற்கு முன்பே எழுந்து எல்லா வேலையையும் அவரே செய்தார். சோறு ஒரு நாள் குழைந்தது, ஒரு நாள் வேகவில்லை. அவர் அடுப்படியில் நிற்கும் நேரத்தில் பிள்ளைகள் கட்டிலில் ஏறிக் குதித்துச் சண்டை போட்டார்கள். மூன்று நாள் வேலைக்குப் பிந்திப் போனார். "அப்பா, நான் உள்ளி உரிக்கட்டா?" என்று கோமதிஸ்ரீ சின்ன வெங்காயக் கூடையோடு கேட்டுக்கொண்டு போவாள். "நேரமாயிட்டு மக்கா, அங்கன போய் விளையாடு," என்று விரட்டுவார். அந்தப் பிள்ளை அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சட்டைப் பொத்தான் தைக்கக் கொண்டுவந்த மாரிக்கண்ணன் என் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"யக்கா, தறிக்குப் புதுசா வார பயலுவளுக்கு நான்தான் பழக்கிக் கொடுக்கேன். அத எடு, இத எடுன்னு ஏவிக்கிட்டே இருந்தா ஒரு வருசம் ஆனாலும் ஒண்ணும் தெரியாது. ஒரு தறிய அவன் பொறுப்புல விட்டுட்டுப் பக்கத்துல நிக்கணும். அது எனக்குத் தெரியும். வீட்டுல என்ன செய்யுதேன்? ஏவக்கூட இல்ல, விரட்டிக்கிட்டுல்லா இருக்கேன்."

அன்று சாயங்காலம் இரண்டு பிள்ளைகளையும் எதிரே உட்கார வைத்துப் பேசினார். அம்மா வரும்வரை இந்த வீட்டை மூன்று பேர் நடத்த வேண்டும், யாருக்கு எந்த வேலை என்று கேட்டார். அருண்குமார் முதலில் கேட்டது கேஸ் அடுப்பை.

"அடுப்பும் அருவாமனையும் அப்பாவுக்கு. மத்ததுல கேளு."

முன்னறையைப் பெருக்குவதும் செருப்புகளை வரிசையாக வைப்பதும் அருண்குமாருக்கு வந்தன. உள்ளி உரிப்பது, துணி மடிப்பது, சாப்பாட்டு டப்பாக்களை எடுத்து வைப்பது கோமதிஸ்ரீக்கு. மறுநாளே பெருக்குவதற்கு ஒரு ஈர்க்கு வாரியலை வாங்கி, பிள்ளை உயரத்துக்கு நறுக்கி, கையில் குத்தாமலிருக்கப் பிடியில் துணி சுற்றினார். சாப்பாட்டுத் தட்டு வைக்கிற பலகையைக் கழற்றி, அவர்களுக்கு எட்டுகிற இடத்தில் அடித்தார். உள்ளியைத் தண்ணீரில் ஊறப் போட்டால் தோல் சீக்கிரம் வரும் என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அப்படியும் முதல் நாள் பத்து உள்ளி உரிக்க அவளுக்கு அரை மணி நேரம் ஆனது. அவர் அவசரப்படுத்தவில்லை. சமையலை முன்கூட்டியே தொடங்கிக்கொண்டார்.

பெருக்குவதை முதல் நாள் அவர் செய்து காட்டினார். இரண்டாம் நாள் அவரும் அருண்குமாரும் சேர்ந்து செய்தார்கள். மூன்றாம் நாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவன் பெருக்கிய பிறகும் மூலையெல்லாம் குப்பை கிடந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போய் வாரியலை எடுக்கப் பார்த்தேன்.

"விடுங்கக்கா. நாம திரும்பப் பெருக்கினா அவன் செஞ்சது செஞ்சதாவே இருக்காது," என்றார். பிறகு மகனைக் கூப்பிட்டு, "மூலையில எறும்பு என்னத்தத் திங்குதுன்னு பாத்துட்டு வா," என்றார். அவன் குனிந்து பார்த்துவிட்டு, "முறுக்கு," என்றான். அதற்குப் பிறகு அவன் மூலையிலிருந்துதான் பெருக்க ஆரம்பித்தான்.

அவர் ஒரு தடவைகூடத் தவறவில்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு நாள் காலை, தோசை மாவுப் பாத்திரத்தை நான் தூக்குவேன் என்று அருண்குமார் அடம்பிடித்தான். நேரமில்லாமல் அவரும் விட்டுவிட்டார். நாலு எட்டு வைப்பதற்குள் பாத்திரம் கவிழ்ந்து வீடெல்லாம் மாவு. அவர் போட்ட சத்தத்தில் நான் மெஷினை நிறுத்திவிட்டேன்.

"உன்னால ஒண்ணும் ஆகாது. இனிமே எதையும் தொடாத, போ."

பையன் அழவில்லை. சுவரோரம் போய் உட்கார்ந்தான். இரண்டு நாள் வாரியலைத் தொடவில்லை. வாசலில் செருப்புகள் மூலைக்கொன்றாகக் கிடந்தன. மூன்றாம் நாள் மாரிக்கண்ணன் அவன் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"அந்தப் பாத்திரம் கனம்னு எனக்குத் தெரியும்லே. தெரிஞ்சுதான் கொடுத்தேன். தப்பு எம்பேர்ல. கத்தினதும் தப்பு."

அவன் நிமிர்ந்து பார்த்து, "தொடைக்க எனக்குத் தெரியும். நீங்க சொல்லியிருந்தா தொடைச்சிருப்பேன்," என்றான்.

"சரி. இனிமே கொட்டினவங்க தொடைக்கணும்."

அடுத்த வாரமே அவர் கைதவறி ரசத்தைக் கொட்டினார். அருண்குமார் ஓடிப்போய்ப் பழந்துணியை எடுத்து வந்து அப்பா கையில் கொடுத்துவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்றான். ஐந்து வயதுப் பிள்ளையிடம் தப்பை ஒப்புக்கொள்கிற ஆண்பிள்ளையை நான் அதுவரை பார்த்ததில்லை. என் வீட்டுக்காரரும் அப்படியில்லை.

ஆடித்தபசுத் திருவிழா முடிந்த கையோடு மாரிக்கண்ணனின் அக்கா சண்முகசுந்தரி புளியங்குடியிலிருந்து வந்தாள். அவள் வீட்டுக்காரர் எலுமிச்சை வியாபாரி. வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கண்ணில் பட்டது அருண்குமார் பெருக்கிக்கொண்டிருந்ததுதான்.

"ஏலே, ஆம்பளப் பிள்ளை கையில வாரியலக் கொடுத்து வச்சிருக்கியே. இவன் என்ன தாயில்லாப் பிள்ளையா?"

"தாய் இருக்கா. தாய்க்குத்தான் எல்லா வேலையும்னு எவன் சொன்னான்?"

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. பையனைக் கொஞ்ச நாள் நான் வைத்துக்கொள்கிறேன் என்று கையோடு கூட்டிப் போனாள். மாரிக்கண்ணன் தடுக்கவில்லை. நாலாம் நாள் அவளே கொண்டுவந்து விட்டாள். தம்பி வேலையிலிருந்து வரும்வரை என் வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"தின்ன தட்டத் தூக்கிக்கிட்டுக் கழுவப் போறான். நான் பிடுங்கிட்டேன். 'அத்தை, இங்கன எனக்கு என்ன வேலை'ங்கான். ஒண்ணுமில்ல ராசா, டிவி பாருன்னேன். 'அப்ப எங்க வீட்டுக்குப் போறேன், அங்கன எனக்கு வேலை கிடக்கு'ன்னு ஒரே அழுகை." பிறகு அவளே சொன்னாள்: "எம் மவனுக்குப் பதினாலு வயசு. குடிக்கத் தண்ணிகூட நான்தான் மோந்து கொடுக்கணும்."

பயிற்சி முடிந்து தேன்மொழி வந்தாள். வெயிலில் கறுத்து, தோள் நிமிர்ந்து, வேறு ஆளாக இருந்தாள். கோமதிஸ்ரீ தட்டு வைத்தாள், அருண்குமார் தண்ணீர் வைத்தான், மாரிக்கண்ணன் பரிமாறினார். மறுநாள் காலை அவள் பழக்கத்தில் வாரியலைக் கையில் எடுத்தாள்.

"அம்மா, அது என் வேலை."

துணி மடிக்கப் போனாள். அது மகள் வேலையாம். அடுப்படியில் புருஷன். என்னிடம் வந்து உட்கார்ந்தவள் கண் கலங்கிவிட்டது.

"யக்கா, எனக்கு அங்கன ஒண்ணுமே மிச்சமில்ல."

மாரிக்கண்ணன் கவனித்திருக்கிறார். சாயங்காலம் எல்லோரையும் உட்கார வைத்தார். "மூணு பேருக்குப் பிரிச்சோம். இப்ப நாலு பேரு ஆயாச்சு. திரும்பப் பிரிக்கணும்."

"தலை பின்னுறது அம்மாவுக்கு," என்று கோமதிஸ்ரீ முந்திக்கொண்டாள். "அப்பா பின்னினா கோணலா இருக்கு." அருண்குமார் யோசித்து, செருப்பு வேலையைத் தர ஒப்புக்கொண்டான். பெருக்குவதை மட்டும் விட மாட்டேன் என்றான். தேன்மொழி சிரித்த சத்தம் என் மெஷின் வரை கேட்டது.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவள் இப்போது தென்காசிப் பக்கம் ஸ்டேஷனில் இருக்கிறாள். ராத்திரி டியூட்டி, பந்தோபஸ்து என்று நேரங்கெட்ட நேரத்தில் வருவாள். வந்தால் படுத்துத் தூங்க முடிகிறது.

போன மாதம் எனக்குக் காய்ச்சல். மூன்று நாள் மெஷின் ஓடவில்லை. இரண்டாம் நாள் கண் விழித்துப் பார்த்தால் அந்தப் பிள்ளைகள் இரண்டு பேரும் என் வீட்டுக்குள் இருந்தார்கள். வெட்டுத் துணியை நிறம் நிறமாகப் பிரித்துத் தனித்தனிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். குடத்தில் தண்ணீர் நிறைந்திருந்தது. மாரிக்கண்ணன்தான் அனுப்பியிருப்பார் என்று நினைத்து, உடம்பு தேறியதும் பிள்ளைகளை அனுப்பியதற்கு அவரிடம் நன்றி சொன்னேன்.

"அப்படியாக்கா? பிள்ளைக எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே," என்றார். சைக்கிளை எடுத்துக்கொண்டு தறிக்குப் போய்விட்டார்.