தம்பிக்குப் பதிலாக வந்த பழம்

போன வருஷம் ஆனி மாதம் அது. விருத்தாசலம் ஜங்ஷனில், சென்னையிலிருந்து வரும் பகல் ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தேன். அந்த ரயிலில் வந்திருக்க வேண்டியவன் என் தம்பி. வந்ததோ ஓர் அட்டைப்பெட்டி.

தம்பி ராணுவத்தில் இருக்கிறான். இமாசலப் பிரதேச மலைப்பக்கம் போஸ்டிங். சித்திரையில் வருவதாகச் சொன்னான், லீவு ரத்தானது. ஆனியில் நிச்சயம் என்றான், அதுவும் கடைசி நேரத்தில் ரத்து. அவனோடு வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர் ஊருக்குப் போகிற வழியில், ரயில் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் கதவோரமாக நின்று பெட்டியை என் கையில் கொடுத்தார்.

"இது குமானிப் பழம்க்கா, ஆப்ரிகாட்னு சொல்வாங்கள்ல, அது. அங்க இப்பதான் சீசன். அவனே போயி பறிச்சு, கட்டிக் குடுத்தான். லீவு முடிஞ்சு நான் இதே வழியாத்தான் திரும்புவேன். ஏதாச்சும் குடுத்துவிடணும்னா சொல்லுங்க, வாங்கிட்டுப் போறேன்."

வீட்டுக்கு வந்து பிரித்தேன். எலுமிச்சை அளவு, மஞ்சள் நிறம், ஒரு பக்கம் லேசாகச் சிவப்பு, தோல் மேல் பூனைமுடி போல மெத்தென்று. ஒவ்வொன்றையும் இந்திப் பேப்பரில் சுற்றி வைத்திருந்தான். அப்படியும் வழியில் பாதிக்கு மேல் கன்றி, அழுகி, நீர் விட்டிருந்தது.

வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மா பெட்டியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "புள்ள வரல, பழம் வந்துச்சா. கொண்டுபோய்க் கொட்டு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். சாயந்திரம் தம்பி போன் செய்தபோது, தூங்குவதாகச் சொல்லச் சொன்னார். கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருந்தார்.

"பழம் நல்லா இருக்குதாக்கா? அம்மா சாப்ட்டாங்களா?" என்று கேட்டான்.

"நல்லா இருக்குதுடா. சாப்ட்டாங்க" என்றேன். பொய் சொன்ன வாயோடு அப்போதே ஒரு முடிவும் எடுத்தேன். இந்தப் பழம் குப்பைக்குப் போகக் கூடாது. நல்லதாகப் பொறுக்கியெடுத்து, கேக் செய்து, அதே திருநெல்வேலித் தம்பியிடம் கொடுத்தனுப்ப வேண்டும். என் தம்பி பட்டாளத்துக்குப் போகும்வரை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நான்தான் குக்கரில் கேக் செய்து கொடுப்பேன்.

குக்கர் அடியில் உப்பைக் கொட்டி, விசிலையும் ரப்பரையும் எடுத்துவிட்டுச் செய்கிற கேக்தான். எனக்குப் பழகியதுதான். ஆனால் பழம் பழகியதில்லை. முதல் தடவை பொடியாக நறுக்கி மாவில் கலந்தேன். பழம் முழுக்க அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. நடுவில் வேகவே இல்லை, களி மாதிரி இருந்தது. இரண்டாவது தடவை பழத்தை வேகவைத்து, மசித்துப் போட்டேன். அதன் புளிப்பும் சோடா மாவும் சேர்ந்து நுரைத்துக்கொண்டு பொங்கி வந்தது. சந்தோஷமாக மூடியைத் திறந்தேன். என் கண்முன்னாலேயே அமுங்கிப் பள்ளமாகிவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு எங்கள் தெருவுக்கே கேக் செய்து கொடுக்கும் எதிர்வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, "ஏன் இந்தப் பாடு படுற? வாழப்பழம் போட்டு நல்லதா ஒண்ணு செஞ்சு குடுத்துவுடேன். அவனுக்கு என்ன தெரியப்போவுது" என்றார்.

"அவன் பறிச்ச பழமாச்சேக்கா" என்றேன். மிச்சம் இருந்ததோ ஒரு தட்டுப் பழம். இனி தப்பு செய்ய இடமில்லை.

நான் செராமிக் யூனிட் ஒன்றில் பொம்மைகளுக்குக் கலர் அடிக்கிறேன். மறுநாள் வேலைக்குப் போனபோது, பலகை பலகையாக, இன்னும் சுடாத பச்சைமண் பொம்மைகளை வெளியே காயவைத்திருந்தார்கள். ஈரத்தோடு சூளைக்குள் வைத்தால் வெடித்துவிடும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். தினமும் பார்க்கிற காட்சிதான், அன்றைக்குத்தான் உறைத்தது. பழத்தில் இருக்கும் தண்ணீர்தானே கேக்கைக் கெடுக்கிறது. சாயந்திரம் வீட்டுக்குப் போனதும் மிச்சப் பழங்களைப் பிளந்து, கொட்டையை எடுத்து, சர்க்கரையில் புரட்டி வைத்தேன். காலையில் வடித்து, தட்டில் பரப்பி, மொட்டைமாடியில் வைத்து வலை போட்டு மூடிவிட்டு வேலைக்குப் போனேன்.

மதியத்துக்கு மேல் வானம் கறுத்தது. லோடு போக வேண்டிய நாள், எழுந்து வர முடியவில்லை. மழை கொட்டக் கொட்ட, ஜன்னலையே பார்த்துக்கொண்டு கலர் அடித்தேன். வேலை முடிந்ததும் வீட்டுக்கு ஓடி, நேராக மாடிக்குத்தான் ஏறினேன். தட்டைக் காணோம்.

கீழே வந்தால், கூடத்தில் ஃபேனுக்கு அடியில் அம்மாவின் சலவைப் புடவை விரித்திருந்தது. அதன்மேல் ஒவ்வொரு பழமும் ஒன்றோடொன்று ஒட்டாமல், புரட்டிப் போட்டபடி கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலை நிமிரவில்லை.

"அடிப்பக்கம் இன்னும் காயல. நாளைக்கும் ஒரு வெயிலு காட்டணும்" என்றார். ஒரு பழத்தைப் புரட்டிவிட்டு, "ஒண்ணு தின்னு பாத்தேன். புளிப்புதான். நல்லாத்தான் இருக்குது" என்றார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து கீரையை எடுத்துக்கொண்டேன்.

இந்தத் தடவை கேக் எழும்பியது, எழும்பியபடியே நின்றது. வெட்டினால் பழத்துண்டுகள் மேலும் கீழுமாக எல்லா இடத்திலும் இருந்தன. பயணத்தில் கெடக் கூடாதென்று பால் சேர்க்கவில்லை. நன்றாக ஆறவைத்து டப்பாவில் அடைத்தேன்.

ரயில் வருகிற அன்று நான் கிளம்பும்போது, அம்மா வேறு புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "நானும் வரேன்" என்றார். அந்தத் திருநெல்வேலித் தம்பி போனில் சொல்லியிருந்த ரயில்பெட்டி பிளாட்பாரத்தின் கோடியில் போய் நின்றது. மூட்டுவலிக்காரரான அம்மா எனக்கு முன்னால் நடந்தார். டப்பாவைத் தன் கையாலேயே கொடுத்தார்.

"தம்பி, அவன் இத சாப்புடுறப்ப எனக்குப் போன் பண்ணச் சொல்லு. நான் பேசணும்."

"கட்டாயம் சொல்லுதேன்மா" என்று அவர் சொல்லும்போதே ரயில் நகர்ந்துவிட்டது.

சில நாள் கழித்துத் தம்பி போன் செய்தான். கேக் தூள்தூளாகத்தான் போய்ச் சேர்ந்ததாம். கூட இருந்தவர்கள் எல்லோரும் ஸ்பூன் போட்டு அள்ளித் தின்றார்களாம். அம்மா போனை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். ஏன் வரவில்லை, எப்போது வருவாய் என்று எதுவும் கேட்கவில்லை.

"அந்த மரம் ரொம்ப ஒசரமாடா? நீயா ஏறிப் பறிச்ச?" என்றுதான் கேட்டார். அப்புறம் இரண்டு பேரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வர முடியாதவர்கள் தங்களால் முடிந்த எதையோ அனுப்பிவைக்கிறார்கள், அதைக் கெட்டுப்போக விடாமல் பார்த்துக்கொள்வது வாங்குகிறவர்கள் பாடு என்று, யாராவது வராமல் போய் எனக்குக் கோபம் வருகிறபோதெல்லாம் இன்றைக்கும் நான் நினைத்துக்கொள்கிறேன்.