புதுக் கம்பம் நடாத தெரு

அரியலூர் பக்கம் கட்டிய புது வீட்டுக்கு இன்டர்நெட்டும் போனும் கேட்டிருந்தேன். இன்று கேபிள்காரர் வந்தார்.

வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார்: "கேபிள் வேணாம் சார். சிம் போடுற மோடம் வாங்கிக்குங்க. எங்க போனாலும் தூக்கிட்டுப் போயிடலாம்."

"நாங்க எங்கங்க போகப்போறோம்? இப்பத்தான் பால் காய்ச்சுனோம்."

"இந்தத் தெருவுல இனிமே கேபிள் கம்பம் நட வேணாம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க."

"ஏன்?"

அவர் தெருக்கோடிக்கு அப்பால், வருஷா வருஷம் இந்தப் பக்கம் நகர்ந்து வரும் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தைப் பார்த்தார். அந்த நேரம் அங்கே வெடி வைத்தார்கள். எங்கள் புதுச் சன்னல்கள் அதிர்ந்தன.

"சிம்மே வாங்கிக்குங்க சார்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

வீட்டுக்குப் போட்ட சிமெண்டுகூட அந்தச் சுரங்கத்துச் சுண்ணாம்புக்கல்லில் செய்ததுதான்.

சுரங்கத்தை ஒட்டிக் குடியிருக்கும் நண்பர்களே, உங்கள் தெருவில் கடைசியாக எப்போது கம்பம் நட்டார்கள்?