நூற்றுப்பத்து வோல்ட்டு இஸ்திரிப்பெட்டி

மூணாற்றில் கத்தரீனாளுக்குப் பிடிக்காதவை இரண்டு. ஒன்று ஆடி மழை, இன்னொன்று மதலேனம்மாள். மழையாவது மூன்று மாதத்தில் ஓய்ந்துவிடும்.

மதலேனம்மாள் அவளுக்கு ஓரகத்தி, கொழுந்தன் சுவக்கீனின் பெண்டாட்டி. கத்தரீனாள் போடி வழியாக மலையேறி வந்து பத்து வருஷம் கழித்து வந்தவள். அதுவரைக்கும் துரைமார் கிளப்பின் மேசை விரிப்பு, படுக்கை விரிப்பு, வெள்ளைச் சட்டை எல்லாவற்றுக்கும் கத்தரீனாள் ஒருத்திதான் இஸ்திரி போட்டாள். அண்ணனும் தம்பியும் ஆற்றில் வெளுத்து, காயவைத்துக் கொண்டுவந்து போடுவார்கள். கிளப்பின் பின்கட்டு அறையில் இவள் கரிப்பெட்டியை ஊதி ஊதிக் கண் சிவந்து நிற்பாள். கைக்கு உதவியாக இருக்கட்டும் என்று புதுப்பெண்ணையும் அங்கே கூட்டிவந்தது இவளேதான். அந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு பல தடவை தலையில் அடித்துக்கொண்டாள்.

வந்த மூன்றாம் வாரமே ஒரு துரைசானி, மதலேனம்மாள் மடித்துவைத்த பாவாடைக் கொசுவத்தைக் கையில் எடுத்துப் பார்த்து மெச்சிவிட்டுப் போனாள். பத்து வருஷத்தில் கத்தரீனாளை எந்தத் துரைசானியும் ஏறிட்டுக்கூடப் பார்த்ததில்லை. அன்று பிடித்த வயிற்றெரிச்சல்தான். அதன்பிறகு மதலேனம்மாள் சிரித்தால் திமிர், அழுதால் நடிப்பு. கோயிலில் அவள் முன்வரிசையில் முட்டி போட்டால் இவளுக்கு ஜெபம் தொண்டையில் நின்றுவிடும். உள்ளதைச் சொல்லவேண்டும்: மதலேனம்மாளின் கொசுவம் உண்மையிலேயே நேர்த்தி. அது கத்தரீனாளுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷ மழையில் கரி நமத்துப்போய், கத்தரீனாளின் பெட்டியிலிருந்து ஒரு கங்கு தெறித்து, கிளப்பின் பெரிய மேசை விரிப்பில் நடுவே ஓட்டை விழுந்தது. செக்ரட்டரி துரை கத்தியது முன்வாசல்வரை கேட்டது. பட்லர் நல்லமுத்து வந்து உத்தரவைச் சொன்னான். கிளப்புக்குத்தான் கரண்டு வந்துவிட்டதே, இனிமேல் கரிப்பெட்டி உள்ளே வரக்கூடாது. கரண்டுப் பெட்டி கொண்டுவருகிறவளுக்குத்தான் வேலை, பெட்டி அவரவர் பாடு.

அந்த மாதமே ஆனைப்பாறை எஸ்டேட் துரை சீமைக்குப் புறப்பட்டார். அவர் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது அதில் இரண்டு கரண்டு இஸ்திரிப்பெட்டிகள் இருந்தன. ஒரே அச்சு, ஒரே மரப்பிடி. இரண்டையும் தானே எடுத்துவிட வேண்டும் என்றுதான் கத்தரீனாள் போனாள். காதுத் தண்டட்டியை விற்றும் ஒன்றுக்குத்தான் கட்டுப்படியானது. மற்றதை எடுத்தது யார் என்று சொல்லவேண்டுமா?

சனிக்கிழமை மத்தியானம் மதலேனம்மாள் தன் பெட்டியைத் துடைத்துத் துணியில் சுற்றிக்கொண்டு, "நாலு மணிக்குப் பட்லரு முன்னால மாட்டிப் பாக்கப்போறேங்க்கா, நீங்களும் வாங்க" என்றாள். அவளுக்கு முந்தி மாட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் கத்தரீனாள் மனசில். ஆனால் எப்படி மாட்டுவது என்று தெரியாமல், பாலத்தடியில் கடை வைத்திருந்த வயர்மேன் பவுல்ராஜிடம் பெட்டியைக் கொண்டுபோனாள்.

பவுல்ராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டியின் பின்பக்கத் தகட்டைப் படித்தார்.

"இது ஆனைப்பாறைச் சரக்கா அக்கா?"

"ஆமா. ஏலத்துல எடுத்தேன்."

"கெட்டுச்சு போங்க. அங்க அவுக சொந்த டைனமோ, நூத்திப்பத்து வோல்ட்டு. கிளப்புக்கு வாறது இருநூத்திருவது. இத அங்க மாட்டுனா உள்ள இருக்க கம்பி செவந்து கருகிப்போவும். பெறவு கதவுக்கு முட்டுக்குடுக்கத்தான் ஆவும்."

கத்தரீனாள் தண்டட்டி போன காதைத் தடவிக்கொண்டாள். அடுத்த நிமிஷமே வேறொன்று தோன்றியது.

"அப்பம் அவ பெட்டியும்?"

"ரெண்டும் ஒரே சரக்குன்னா ரெண்டும் கருகும்."

மணி மூன்றரை. கிளப் கூப்பிடு தூரம். கத்தரீனாள் பலகையில் உட்கார்ந்தாள். அந்தக் கடையில் அவள் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. கட்டஞ்சாயா சொல்லட்டுமா என்று பவுல்ராஜ் கேட்டதற்குச் சொல்லச் சொன்னாள். ஊதி ஊதி, அவசரமில்லாமல் குடித்தாள். கருகிய நாற்றம், பட்லரின் முகம், மதலேனம்மாளின் கண்ணீர் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கையில் சாயா இனித்தது. தன் வேலை போவதுகூட அப்போது பெரிதாகப் படவில்லை. அவளுக்கும் போகிறதே, அது போதும்.

பவுல்ராஜுக்குத்தான் மனசு கேட்கவில்லை. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர் தொடையில் தட்டினார்.

"ஒரு வழி இருக்கு அக்கா. இதே மாதிரி இன்னொரு பெட்டி கெடச்சா, ரெண்டையும் ஒரே கம்பியில ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா மாட்டிரலாம். வாற இருநூத்திருவத ரெண்டும் பாதி பாதியாப் பங்கு போட்டுக்கிடும். ஒண்ணும் கருகாது. என்ன, சேந்துதான் சூடேறும். ஒண்ணப் புடுங்குனா மத்ததும் செத்துரும்."

கத்தரீனாள் கிளாசைக் கீழே வைத்தாளா போட்டாளா தெரியாது. கொட்டுகிற மழையில் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, பாலத்தைத் தாண்டி, மேட்டில் ஏறி ஓடினாள். நாற்பது வயதுக்காரி ஓடுகிறாளே என்று கடைத்தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. பின்கட்டு அறையில் நல்லமுத்து சுவரோரம் நிற்க, மதலேனம்மாள் பிளக்கைக் கையில் பிடித்துக் குனிந்திருந்தாள்.

"ஏட்டி, மாட்டாத! மாட்டாத, கருகிப்போவும்!"

மறுநாள் பூசை முடிந்ததும் பவுல்ராஜ் வந்து ஒரு பலகையில் இரண்டு பிளக் பாயிண்டு வைத்துக் கொடுத்தார். இரண்டு பெட்டியும் சூடேறின, இரண்டு பேருக்கும் வேலை நிலைத்தது.

அதோடு தொல்லை முடியவில்லை. "எங்கக்கா மட்டும் அன்னைக்கு மழையில ஓடியாரலைன்னா" என்று மதலேனம்மாள் குழாயடியில் சொன்னாள், கோயில் வாசலில் சொன்னாள், பங்குச் சாமியாரிடமும் சொன்னாள். கேட்கிற ஒவ்வொரு தடவையும் கத்தரீனாள் அங்கிருந்து நகரப் பார்த்தாள். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டலாம். மெச்சுகிறவளை என்ன செய்வது?

வேலையில் இன்னொரு வழக்கம் உண்டாயிற்று. மதலேனம்மாள் பிளக்கைப் பிடுங்குமுன், "அக்கா, எடுக்கப்போறேன்" என்று குரல் கொடுப்பாள், அந்தப் பக்கம் பாதி மடிப்பில் பெட்டி ஆறிவிடக்கூடாதே என்று. கத்தரீனாள் ஒருநாளும் சொன்னதில்லை. மதலேனம்மாள் நல்ல கொசுவமாகப் பிடித்துக்கொண்டிருக்கிற நேரம் பார்த்துச் சத்தமில்லாமல் பிடுங்குவாள். தன் பெட்டியும் ஆறும். ஆறட்டும் என்று இருப்பாள்.

ஐந்து வருஷம் இப்படிப் போனது. ஆறாம் வருஷம் புது செக்ரட்டரி மதராசிலிருந்து புத்தம்புதுப் பெட்டி ஒன்று தருவித்தார். இருநூற்றிருபது வோல்ட்டு, தனியாகவே ஓடும். நல்லமுத்து அதைக் கொண்டுவந்து மதலேனம்மாளின் மேசையில் வைத்தான்.

"தொரை உத்தரவு. இனி ஓராள் போதுமாம். நீ இரு."

கத்தரீனாளின் கை அப்படியே நின்றது. மதலேனம்மாள் வந்த நாளிலிருந்து பதிமூன்று வருஷமாக அவள் பயந்துகிடந்தது இதற்குத்தான்.

மதலேனம்மாள் பெட்டியைத் தொடவில்லை. "எனக்கு இது வேண்டாம்ண்ணே. பழசே இருக்கட்டும். அந்த ஓராள் கூலிய ரெண்டு பேருக்கும் பாதி பாதியாக் குடுக்கச் சொல்லுங்க" என்றாள். நல்லமுத்து தலையைச் சொறிந்துகொண்டு துரையைக் கேட்கப் போனான்.

கத்தரீனாளுக்கு நன்றி வரவில்லை, பற்றிக்கொண்டுதான் வந்தது. அந்தப் பெட்டி தன் பக்கம் வந்திருந்தால் இரண்டு கையாலும் வாங்கியிருப்பாள். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். கொசுவத்தில்தான் மதலேனம்மாள் முந்தினாள், நல்லவளாக இருப்பதிலுமா முந்தவேண்டும்?

"ஏன்டி என் மேல இம்புட்டுக் கரிசனம்?"

"அன்னைக்கு நீங்க ஓடியாந்தீகளே..."

"மண்ணாங்கட்டி! உன் பெட்டி கருகட்டும்னு பவுல்ராசு கடையில சாயா குடிச்சிக்கிட்டுல்லா இருந்தேன். என் பெட்டி ஓட உன் பெட்டி வேணும்னு அவரு சொன்ன பெறவுதான் ஓடியாந்தேன். போதுமா?"

மதலேனம்மாள் அவளையே பார்த்தபடி நின்றாள். துணி தீய்கிற வாடை வந்த பிறகுதான் பெட்டியைத் தூக்கினாள். குனிந்து அடுத்த துணியை எடுத்து விரித்தாள்.

நல்லமுத்து திரும்பி வந்து, துரை சம்மதித்துவிட்டார், கூலி மட்டும் ஓராளுக்குத்தான் என்றான். இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

சாயங்காலம் கத்தரீனாள் ஒரு சட்டைக் காலரைப் பாதி தேய்த்திருக்கையில் பெட்டி ஆறத் தொடங்கியது. நிமிர்ந்து பார்த்தால், மதலேனம்மாள் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு வாசல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். குரல் கொடுக்கவில்லை. ஐந்து வருஷமாகக் கேட்டுக் கேட்டு எரிச்சல்பட்ட அந்த வார்த்தைக்காகக் கத்தரீனாள் ஆறின பெட்டியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் வேலை செய்தார்கள். மதலேனம்மாள் ஒரு துரைசானியின் பாவாடையை எடுத்துக் கொசுவம் பிடிக்க ஆரம்பித்தாள். பாழாய்ப்போன கொசுவம், அன்றைக்கும் நூல் பிடித்த மாதிரி விழுந்தது. அதைப் பார்க்கப் பார்க்கக் கத்தரீனாளுக்கு வயிறு எரிந்தது. அவள் கை வழக்கம்போல் பிளக்குக்குப் போனது.

"மதலேனா, எடுக்கப்போறேன்."

மதலேனம்மாள் திரும்பவில்லை. "இருங்க, ரெண்டு மடிப்புக் கெடக்கு" என்றாள். கத்தரீனாள் பிளக்கைப் பிடித்தபடி காத்திருந்தாள்.