வளைவுக்கு அந்தப் பக்கம் இருந்த தண்ணீர்

சித்திரை மாதம், காலை ஐந்தரைக்குத் திருப்பத்தூரிலிருந்து ஜீப்பில் புறப்பட்டோம், நானும் என் தம்பி மனைவி மலர்விழியும். போன சித்திரையில் என் தம்பி செத்துக் கிடந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அவள் மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஓட்டுநர் கோவிந்தன் புதூர்நாட்டுக்காரர். அன்று அவனைத் தூக்கி வந்தவர்களில் ஒருவர்.

மலைமேலிருக்கும் புதூர்நாட்டைத் தாண்டி மண்சாலை முடிகிற இடத்தில் ஏழு மணிக்கு இறங்கினோம். காட்டாற்றுப் பள்ளத்துக்கு இரண்டு கிலோமீட்டர் இறக்கம். ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர், தொப்பி, உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலம். ஒன்பது மணிக்கெல்லாம் திரும்பிவிட வேண்டும் என்று கோவிந்தன் முதலிலேயே சொல்லிவிட்டார். தம்பி தனியாக, ஒரே ஒரு பாட்டிலோடு, வெயில் ஏறிய பிறகு இறங்கியிருக்கிறான். இறங்குவது சுலபம். இருபுறமும் பாறைச் சுவர். காற்று கிடையாது, சிக்னல் கிடையாது. நடுப்பகலில் அந்த இடம் அடுப்பு.

அவன் சாய்ந்திருந்த பாறையைக் கோவிந்தன் காட்டினார். மலர் அதைத் தொட்டுப் பார்த்தாள். அழவில்லை. பிறகு பள்ளம் வளைகிற இடத்தைத் தாண்டி நடந்தாள். நாங்களும் போனோம். பாறை இடுக்கில் ஒரு குட்டை. தண்ணீர் தெளிவாக இருந்தது.

"அன்னிக்கும் இதுல தண்ணி இருந்துச்சாண்ணா?"

கோவிந்தன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "இருந்துச்சும்மா. இதுலதான் துணிய நனைச்சி அவரு மூஞ்ச தொடச்சோம்."

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வெயில் சுவரில் பாதி இறங்கியிருந்தது. எழுந்திரு என்றேன்.

"நீங்க போங்கண்ணி."

கோவிந்தன் அண்ணாந்து அண்ணாந்து பார்த்தார். எனக்குப் பயம் பிடித்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் எழாமல் நானும் எழப்போவதில்லை என்றேன். வெகுநேரம் கழித்து என் பாட்டிலை வாங்கிக் குடித்துவிட்டு எழுந்தாள்.

ஏற்றத்தில் நின்று நின்றுதான் ஏற முடிந்தது. பிடித்த பாறையெல்லாம் சுட்டது. இதில் எத்தனை முறை ஏறப் பார்த்தானோ.

ஜீப்பருகே மலர் ஒன்று கேட்டாள். அந்தப் பாறையில் பெயிண்டால் ஓர் அம்புக்குறி போட்டு, தண்ணீர் இந்தப் பக்கம் என்று எழுதிவைக்கலாமா?

கோவிந்தன் வேண்டாம் என்றார்.

"மழ இல்லாத வருசம் அது வத்திப் போய்டும்மா. அம்ப நம்பி வர்றவன் இன்னும் உள்ள போய்டுவான்."

மலை இறங்கினோம். திருப்பத்தூரில் சாலையோரம் மோர்ப்பந்தல் போட்டு, போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மலர் டம்ளரை வாங்கினாள். குடிக்காமல், அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.