ஏழாவது கையெழுத்து

உமாமகேஸ்வரியின் சீருடையில், இடது பக்கம், பெயர்ப் பட்டை எப்போதும் இருக்கும். பேருந்து ஓட்டுநர்கள் எல்லாருக்கும் அது உண்டு. 2014 ஆகஸ்ட் 4ஆம் தேதி வேலையில் சேர்ந்த அன்றே கொடுத்தார்கள். ஈசூனில் கிளம்பி, சிராங்கூன் சாலை வழியாக நகரத்துக்குள் போகும் தடம் அவளுடையது. ஒரு நாளைக்கு எழுநூறு பேராவது அந்தப் பெயரைக் கடந்து போவார்கள். ஆனால் 2023 மே மாதத்திலிருந்து 2025 ஏப்ரல் வரை பத்திரிகைகளில் அவளுக்குப் பெயர் கிடையாது. ‘பாதிக்கப்பட்ட பெண்’ என்றுதான் போட்டார்கள்.

பதினான்கு வயதில், 2001இல், ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பிடோக்கிலுள்ள சித்தி வீட்டுக்குத் தமிழ்க் கட்டுரை எழுதப் பழகப் போனாள். சித்தி லட்சுமி அம்மாவின் உடன்பிறந்த தங்கை. கற்றுக்கொடுத்தவர் சித்தப்பா சுந்தரேசன். மூன்று ஞாயிறுகளில் அவர் அவளிடம் நடந்துகொண்ட விதத்தை அவள் இருபத்தொரு ஆண்டுகள் யாரிடமும் சொல்லவில்லை. அதன்பின் 2022 செப்டம்பரில் சிராங்கூன் சாலையை ஒட்டிய கடைவீடு ஒன்றின் மாடியில் சுந்தரேசன் டியூஷன் நடத்தும் துணைப்பாட நிலையம் ஒன்றைத் திறந்தார். பலகையில் அவருடைய சிரித்த படம். அவளுடைய பேருந்து நிற்கும் சிவப்பு விளக்குக்கு நேர் எதிரே அந்தப் பலகை. ஒரு மாதம் பார்த்தாள். அக்டோபர் 11ஆம் தேதி, ஓய்வு நாளில், காவல் நிலையத்துக்குப் போய் நான்கு மணி நேரம் உட்கார்ந்து சொன்னாள்.

வழக்கு நடந்தது. அவளுடைய பெயரை வெளியிடக் கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டது. சித்தப்பா பெயரைப் போட்டால் அவள் யாரென்று தெரிந்துவிடும் என்பதால் அவர் பெயரும் மறைந்தது. அவளுக்காகப் பிடித்த குடைக்குள் அவரும் நின்றார். பிணையில் வெளியே இருந்த அவருக்குப் பதில் சித்தி நிலையத்தை நடத்தினாள். படம் மட்டும் இறங்கவில்லை. பிள்ளைகள் பைகளோடு படியேறுவதை உமா ஒவ்வொரு மாலையும் பார்த்தாள்.

வழக்குச் செய்தி வந்த நாள்களில் பேருந்து முனையத்துச் சாப்பாட்டறையில் சக ஓட்டுநர் முத்துராமன் பத்திரிகையை மடித்துப் போட்டுக்கொண்டு சொன்னார்:

“‘உறவுக்காரர்’னு மட்டும் போட்டிருக்கான் பாரு. இருபது வருஷம் கழிச்சு என்னலா கேஸு? ஏதோ சொத்துத் தகராறா இருக்கும்.”

“இருக்கும்ணே,” என்றாள் உமா. தேநீரை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

2025 பிப்ரவரி 27ஆம் தேதி சுந்தரேசன் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. வெளியே வந்ததும் அரசாங்க வழக்கறிஞர் அனிதாவிடம் அவள் கேட்டது ஒன்றுதான்.

“தடையை எடுக்கச் சொல்லுங்க. என் பேரு வரட்டும். அப்பதானே அவர் பேரும் வரும்?”

“வரும். ஆனா ஒன்ஸ் எடுத்துட்டா திரும்பப் போட முடியாது, உமா.”

“அந்தப் பலகையையும்தான் ரெண்டரை வருஷமா யாரும் எடுக்கல மேடம்.”

மனு போட்டார்கள். விசாரணை ஏப்ரல் 3 என்று குறித்தார்கள். மார்ச் 18 அன்று அனிதா அவளைக் கூப்பிட்டு ஒரு நகலைக் கொடுத்தார். எதிர்த்தரப்பு தாக்கல் செய்த கடிதம், தேதி மார்ச் 14. முதல் பக்கம் ஆங்கிலத்தில் தட்டச்சு. பெயர் வெளியே வந்தால் குடும்பத்தில் மணமாகாத பிள்ளைகளின் வாழ்க்கை பாழாகும், தடை நீடிக்க வேண்டும், பாதிக்கப்பட்டவரின் தாயாரும் இதையே வேண்டுகிறார் என்று எழுதியிருந்தது. இரண்டாம் பக்கத்தில் வரிசை எண், பெயர், அடையாள அட்டையின் கடைசி நான்கு எழுத்துகள், கையெழுத்து. மொத்தம் ஒன்பது பேர். நான்காவது, பஞ்சவர்ணம்.

அம்மாவின் கையெழுத்தை உமாவுக்குத் தெரியும். கடைசி எழுத்தின் கீழே ஒரு கோடு இழுத்துப் புள்ளி வைப்பாள். கோடும் இருந்தது, புள்ளியும் இருந்தது.

“நீதிபதி இதைப் பார்ப்பாங்களா?”

“பார்ப்பாங்க. மத்தவங்களை விடுங்க, பெத்த அம்மாவே வேண்டாங்கறாங்கன்னா யோசிப்பாங்க,” என்றார் அனிதா.

ஓட்டுநருக்குக் கண்ணாடிகளைப் பார்ப்பது மூச்சு விடுவது மாதிரி. இடது, வலது, உள்ளே. வழக்கு தொடங்கியதிலிருந்து உமாவுக்கு அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அறுபத்தாறு வயது அம்மாவும் அவளும் மட்டுமே இருக்கும் வீடு. தொலைபேசி அடித்தால் அம்மா வாசலுக்கு வெளியே நடைபாதைக்கு எழுந்து போவதைக் கவனித்திருந்தாள். “யாரு?” என்றால் “கோயில் கூட்டாளி” என்பாள். ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்கென்று போனவள் பச்சை மூடி போட்ட டப்பாவில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தாள். கோயிலில் தொன்னையில்தான் கொடுப்பார்கள், டப்பாவில் கொடுக்க மாட்டார்கள். உமா அன்றைக்கு அதைச் சாப்பிடவில்லை. எதுவும் கேட்கவுமில்லை.

இப்போது நகலை மேசையில் வைத்தாள்.

“இது யார் கையெழுத்து?”

பஞ்சவர்ணம் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்தாள். “என்னோடது மாதிரிதான் இருக்கு.”

“மாதிரியா?”

“நான் போடலடி. அவனுக்கு நான் எதுக்குடி போடப் போறேன்?”

“அப்ப யாரு? கொசு வந்து போட்டுட்டுப் போச்சா?”

“ஏதோ பண்ணியிருக்காங்க. எனக்கு இங்கிலீஷ் தெரியாது.”

“இது தமிழ்லதான்மா இருக்கு. உன் பேரு.”

பஞ்சவர்ணம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அடுப்படிக்குப் போனாள். ஒன்றுமில்லாத ஒரு சட்டியை வெகுநேரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. அதன்பின் ஒன்பது நாள் அந்த வீட்டில் அரிசி, மின்கட்டணம், மழை தவிர வேறு பேச்சில்லை. அம்மா நடைபாதைக்குப் போகும்போதெல்லாம் உமா சன்னல் ஓரம் நின்றாள். குரல் தாழ்ந்துதான் கேட்டது. ஒரு முறை “அவளுக்குத் தெரிஞ்சா செத்தேன்” என்பது மட்டும் தெளிவாக விழுந்தது.

மார்ச் 27, வியாழக்கிழமை, இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே முனையத்தில் இருபத்திரண்டு நிமிட இடைவெளி. உமா நகலை மறுபடி விரித்தாள். இந்த முறை அம்மாவின் பெயரை விட்டுவிட்டு ஒன்றிலிருந்து ஒன்பது வரை வாசித்தாள். மூன்று பெயர்களுக்குப் பக்கத்தில் பொடியாக ‘சை’ என்று எழுதியிருந்தது. அம்மா பெயருக்குப் பக்கத்திலும் இருந்தது. நீதிமன்றத்துக்குப் போகும் கடிதத்தில் இது எதற்கு? புரியவில்லை. ஏழாவது பெயருக்கு வந்தாள்.

மருதப்பன்.

சித்தப்பாவின் அண்ணன் மருதப்பன் பெரியப்பா இறந்தது பிப்ரவரி 6. மறுநாள் மண்டாய் தகனச் சாலைக்கு அவளும் போயிருந்தாள். முன்வரிசையில் சித்தி இருந்ததால் கடைசி வரிசையில் நின்றாள். மார்ச் 14 என்றால், இறந்து முப்பத்தாறாவது நாள். முப்பத்தாறாவது நாள் பெரியப்பா எழுந்து வந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

சிரிப்பு வரவேண்டிய இடம். உமா கையெழுத்துகளை மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்பது கையெழுத்தும் ஒரே பேனா, நடுநடுவே மை அறுந்து எழுதும் பேனா. அப்படியென்றால் பெரியப்பா உயிரோடு இருந்த ஒரு நாளில், அதே மேசையில், அம்மாவும் இருந்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியின் மேல்தட்டிலிருந்து பச்சை மூடி டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள்.

“இது யார் வீட்டு டப்பா?”

பஞ்சவர்ணம் டப்பாவைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். உட்கார்ந்தாள்.

“லட்சுமி வீட்டுது.”

“பொங்கலுக்குப் போனியா?”

“போனேன்.”

“அந்த ஆள் வீட்டுக்கு.”

“என் தங்கச்சி வீடுடி அது! எனக்குன்னு இருக்கறது அவ ஒருத்திதான். போன வருஷம் போகல, அதுக்கு முந்தின வருஷமும் போகல. மருதப்பன் மச்சான் வரச் சொன்னாரு, மறுபடி பார்ப்பமோ மாட்டமோன்னாரு. போனேன். உன்கிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்லுவேன்?”

“எதுல கையெழுத்துப் போட்ட?”

“பஸ்ஸுக்கு.”

“எந்த பஸ்ஸு?”

“பத்துமலை முருகன் கோயிலுக்கு. தைப்பூசம் முடிஞ்சு குடும்பமா போறதுக்கு லட்சுமி பஸ் பேசியிருந்தா. யார் யார் வர்றீங்க, பேரு எழுதி, நம்பர் எழுதி, சைன் போடுங்க, இன்சூரன்ஸுக்கு வேணும்னா. போட்டோம். அப்புறம் மச்சான் போயிட்டாரு. தீட்டு. யாரும் போகல.”

“இந்த ‘சை’?”

“சைவம்டி. வழியில சாப்பாட்டுக்கு. நான் விரதம்ல?”

உமா காகிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தாள். மேல் விளிம்பு கொஞ்சம் கோணலாக வெட்டப்பட்டிருந்தது நகலிலேயே தெரிந்தது. ‘பத்துமலை’ என்ற தலைப்பு அங்கேதான் இருந்திருக்க வேண்டும்.

“அன்னைக்கு நான் கேட்டப்பவே இதச் சொல்லியிருந்தா என்னம்மா?”

“கையெழுத்தச் சொன்னா போனதையும் சொல்லணுமே.”

“போன்ல யாரு?”

“லட்சுமிதான். அந்தப் பேப்பர எடுத்துக் கொடுத்தது நீதானேன்னு கேட்டேன். ‘அக்கா, நீ என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டத உன் மக கிட்டச் சொல்லவா’ங்கறா.”

“இதக் கோர்ட்டுல சொல்லுவியா?”

பஞ்சவர்ணம் டப்பாவின் மூடியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தாள். உமா அன்று அதற்கு மேல் கேட்கவில்லை. அம்மா வருவாள் என்று நம்பவும் இல்லை.

ஏப்ரல் 3, காலை 9.30. பஞ்சவர்ணம் அரக்குப் பட்டு உடுத்தி, மகளுக்கு முன்னால் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள். நீதிமன்ற நடைபாதையில் லட்சுமி வழி மறித்தாள்.

“அக்கா, அந்தக் கூண்டுல ஏறினீன்னா நம்ம உறவு அதோட முடிஞ்சுது.”

“செத்தவர் கையப் பிடிச்சு எழுத வச்சியே, அப்பவே முடிஞ்சுது,” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டார்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மரியாதையாகத்தான் தொடங்கினார். ஜனவரி 19 அன்று அந்த வீட்டுக்கு உங்கள் விருப்பத்தின் பேரில்தானே போனீர்கள்?

“ஆமா.”

“உணவு உண்டீர்கள்?”

“சாப்பிட்டேன். டப்பாவுலயும் வாங்கிட்டு வந்தேன்.”

“அப்படியானால் உங்கள் மகள் சொல்வதை நீங்களே நம்பவில்லை?”

பஞ்சவர்ணம் மொழிபெயர்ப்புக்குக் காத்திருந்தாள். பிறகு நீதிபதியைப் பார்த்துச் சொன்னாள்:

“நம்பினேன்யா. நம்பிக்கிட்டேதான் போனேன். அதான் தப்பு. அதுக்கு என்னை என்ன வேணா சொல்லுங்க. ஆனா நான் கையெழுத்துப் போட்டது பஸ்ஸுக்கு. என் மக பேரு வரட்டும். நான்தான் வச்ச பேரு.”

‘சை’ என்றால் என்ன என்று நீதிபதி கேட்டார். மொழிபெயர்ப்பாளர் ‘வெஜிடேரியன்’ என்றபோது பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். ஏழாவது பெயருக்கு உரியவரின் இறப்புச் சான்றிதழை அனிதா கொடுத்தபோது யாரும் சிரிக்கவில்லை. கடிதம் எப்படித் தயாரானது என்பது தனி விசாரணைக்குப் போனது. பகல் 12.10க்குத் தடை நீங்கியது. தண்டனை அறிவிப்பு மே மாதத்துக்குக் குறிக்கப்பட்டது.

மறுநாள் பத்திரிகையில் இரண்டு பெயர்களும் வந்தன. சாப்பாட்டறையில் முத்துராமன் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

“உமா, அன்னைக்கு நான் ஏதோ வாய்க்கு வந்தபடி...”

“ஞாபகம் இருக்குண்ணே.” அவள் தேநீரோடு உட்கார்ந்தாள். அவர் உட்காரவில்லை.

அன்று மாலை வண்டியில் ஒரு தமிழ்ப் பெண் ஏறினாள். கையில் ஒரு சிறுமியின் பள்ளிப் பை, பக்கத்தில் சிறுமி. இடம் காலியாக இருந்தும் முன்னாலேயே நின்று பெயர்ப் பட்டையைப் பார்த்தாள். உமா கண்ணாடியில் அவளைக் கவனித்தாள். ஒரு நிறுத்தம், இரண்டு நிறுத்தம். பார்வை அகலவில்லை. என்ன கேட்கப் போகிறாள்? இத்தனை வருஷம் என்ன பண்ணே என்றா? உமா பதிலைத் தயார் செய்துகொண்டாள். நான்காவது நிறுத்தத்தில் அந்தப் பெண் இறங்குவதற்காகப் பயண அட்டையைக் கருவியில் தட்டினாள்.

“அக்கா, இவ அந்தக் கிளாஸுக்குத்தான் போய்க்கிட்டிருந்தா. இன்னைக்கு நிறுத்திட்டேன்.”

கதவு திறந்தது. சிறுமி ஒரே தாவலில் இறங்கினாள். உமா கதவை மூட நாலைந்து விநாடி அதிகம் எடுத்துக்கொண்டாள். சிவப்பு விளக்கில் நின்றபோது பலகையில் படம் இன்னும் இருந்தது. ஆனால் படிக்கட்டின் இரும்புக் கதவு மாலை ஐந்தே காலுக்கே பூட்டியிருந்தது.

வீட்டில் இதைச் சொன்னாள். பஞ்சவர்ணம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“உமா, இன்னொண்ணு சொல்லணும். பொங்கலுக்குப் போன அன்னைக்கு அவனும் வீட்டுல இருந்தான். குடிக்கத் தண்ணி கேட்டான். கொடுத்தேன்.”

உமா சீருடையிலிருந்து பெயர்ப் பட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

“வேற ஏதாவது இருக்கா?”

“இல்ல.”

“இருந்தா இப்பவே சொல்லிடும்மா.”

“இல்லடி. தண்ணியோட சரி.”

உமா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பின்னால் வரும் வண்டியைக் கணிக்கும்போது பார்ப்பதுபோல, அவசரப்படாமல் பார்த்தாள். பிறகு பச்சை மூடி டப்பாவைக் கழுவித் துடைத்து, சித்தி வீட்டுக்குத் திருப்பி அனுப்ப வாசலில் வைத்தாள்.

“சரி, சோறு போடு,” என்றாள்.