கொத்தில்லா கல்

ஓசூருக்கு அருகே பேரிகை ஊரைத் தாண்டி, சாலை ஏரிக்கரை மேல் ஏறும் இடத்தில் ஒரு நீலப் பலகை நிற்கிறது. மேலே பெரிய எழுத்தில் 'கொத்தில்லா கல்'. கீழே சின்ன எழுத்தில் 'கண்டறிந்தவர்' என்று போட்டு ஒரு மனிதரின் பெயர், இரண்டு இனிஷியல்களோடு. பலகைக்குப் பின்னால் ஆள் உயரக் கல் ஒன்று, செதுக்கல் எதுவும் இல்லாமல் நிற்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ஸ்கூட்டரை நிறுத்திப் பலகையை முழுதாக ஒருமுறை படிப்பேன். கோயிலைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள் இல்லையா, அப்படி. படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தால்தான் எனக்கு அன்றைய பொழுது நன்றாகப் போகும்.

அந்த மனிதரை நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிட்டோம். ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் எனக்கு மேலதிகாரி. நான் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த புதிது. இணையத்தில் தமிழில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறது, அதில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், அடுத்தவர் எழுதியதைத் திருத்தலாம், சம்பளம் கிடையாது என்று எனக்கு முதலில் சொன்னவர் அவர்தான். "நம்ம சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் ஒரு பக்கம்கூட இல்லம்மா. நீங்க எழுதுங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். சொன்ன சொல் தவறாத மனிதர். கடைசிவரை பார்த்துக்கொண்டேதான் இருந்தார், ஒரு வரி எழுதவில்லை. எழுதியது நானும் கணக்குப் பிரிவில் இருந்த அக்காவும். அக்கா உத்தனப்பள்ளிக்காரர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ். கலைக்களஞ்சியத்தில் எழுதுவதற்கு அவர் வைத்துக்கொண்ட பயனர் பெயர் 'ராகிக்களி'.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் நாங்கள் இருவரும் வண்டியை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு ஊருக்குக் கிளம்பிவிடுவோம். ஏரி எது, கோயில் எது, எந்தப் பயிர், பள்ளிக்கூடம் எதுவரை என்று கேட்டுக் குறித்து, படம் எடுத்து வந்து எழுதுவோம். ஜவளகிரிப் பக்கம் ஒருமுறை யானை நிற்கிறது என்று வனக்காவலர் விரட்ட, திரும்புகிற அவசரத்தில் அக்கா வண்டியோடு விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே "போட்டோ எடுத்தியா இல்லியா?" என்றுதான் முதலில் கேட்டார். நான் ஒரு வாக்கியம் எழுதினால் அக்கா பாதியை வெட்டுவார். வெட்டியதில் பாதியை நான் திரும்பப் போடுவேன். கட்டுரைக்குப் பின்னால் எழுதுகிறவர்கள் விவாதிக்கப் பேச்சுப் பக்கம் என்று ஒன்று உண்டு. ஒரு காற்புள்ளிக்காக அங்கே வாரக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறோம். என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாகச் செய்த வேலை அது ஒன்றுதான், அதற்குத்தான் கூலியும் இல்லை.

அந்தக் கல்லைப் பார்க்கப் போன ஞாயிறு அக்கா வரவில்லை. ஏரிக்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "தாத்தா, இந்தக் கல்லுக்குப் பேரு என்ன?" என்று கேட்டேன். அவர் ஒரே ஒரு சொல் சொன்னார். நான் அப்படியே எழுதிக்கொண்டு வந்து கட்டுரையில் போட்டேன். கொத்தில்லா கல்.

பிறகு ஒருநாள் கேண்டீனில் அண்ணன் அச்சுக்குப் போகாத மாதிரிப்படி ஒன்றை மேசைமேல் வைத்தார். எல்லையோர ஊர்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகமாம், வெளியீட்டுவிழாவுக்கு மண்டபம்கூடப் பிடித்தாகிவிட்டதாம். புரட்டினேன். எங்கள் வாக்கியங்கள். எங்கள் படங்கள். நாங்கள் சண்டை போட்டுத் தீர்த்த அந்தக் காற்புள்ளிகூட இருந்தது. இருந்தாலும் தன்மையாகத்தான் பேசினேன். "இதை யாரு வேணாலும் எடுத்துக்கலாம் அண்ணா, தப்பில்ல. எங்கேருந்து எடுத்தோம்னு ஒரு வரி போடணும். கேக்குறது அது மட்டும்தான்."

"யார் பேரம்மா போடச் சொல்றீங்க? ராகிக்களிக்கு நன்றின்னா? படிக்கிறவன் நான் மெஸ் நடத்துறேன்னு நெனச்சுக்குவான்!"

மேசையே சிரித்தது. அக்கா டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்துபோனார். அன்றைக்கும் அதில் களிதான், பாதிகூடச் சாப்பிட்டிருக்கவில்லை. எனக்குப் பெருந்தன்மை கிடையாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆளை ஒருநாள் இதே மாதிரி ஒரு கூட்டம் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று அந்த மேசையில் உட்கார்ந்தபடியே வேண்டிக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில், எதையெல்லாம் எடுத்திருக்கிறார் என்று பார்க்க அக்காவும் நானும் உட்கார்ந்தோம். கல் கட்டுரையை அக்கா அதுவரை கண்ணால்தான் படித்திருந்தார். அன்றைக்கு வாய்விட்டுப் படித்தவர் நடுவில் நிறுத்தி, என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அடியே, இந்தப் பேரை யாரு சொன்னாங்க உனக்கு?" பெரியவர் என்றேன். "எப்படிச் சொன்னாரு? அவரு சொன்ன மாதிரியே சொல்லு." சொன்னேன். முதல் எழுத்தைக் 'தங்கம்' என்பதில் வருகிற 'க' போல மெத்தென்று சொன்னேன். அக்கா கட்டிலில் விழுந்து புரண்டு சிரித்தார். "அடிப்பாவி! அது கன்னடம்டி! தெரியாதுன்னு சொல்லிக்கீறாரு அந்த மனுசன்!" தமிழில் இரண்டுக்கும் ஒரே 'க'தானே. எழுதிய பிறகு அது வேறு சொல்லாகிவிட்டது.

அண்ணன் புத்தகத்தில் அதற்கு ஒரு பத்தி விளக்கம் வேறு இருந்தது. கொத்து என்றால் உளி வேலை, கொத்து இல்லாத கல், உளி படாத கல், எவ்வளவு தூய தமிழ்ப் பெயர் என்று உருகியிருந்தார். முழுப் புத்தகத்திலும் அவருடைய சொந்தச் சரக்கு அந்த ஒரு பத்திதான். பதினைந்து வருடம் ஓசூரில் இருந்தவர், ஒரு ஞாயிறு அந்த ஏரிக்கரைக்குப் போய் யாரிடமாவது அந்தப் பெயரைச் சொல்லியிருந்தால் போதும், தப்பித்திருப்பார்.

கட்டுரையை உடனே திருத்தினேன். பெயர் என்னுடைய பிழை, பெரியவர் சொன்னது இன்னது என்று பேச்சுப் பக்கத்தில் விளக்கமாகவும் எழுதினேன். "அண்ணன்கிட்டச் சொல்லிடலாமா? இன்னும் அச்சுக்குப் போகலியே, பாவம்" என்று அக்கா இழுத்தார். "உலகத்துக்கே தெரியற மாதிரி எழுதியாச்சுக்கா. அவரு பாத்துக்கிறவருதானே, பாத்துக்கட்டும்" என்றேன். அவர் பார்க்கவில்லை. புத்தகம் அச்சாகி வந்தது. ஏரிக்கரையில் பலகையும் நட்டார்கள்.

விழாவில் கடைசி வரிசையில் நானும் அக்காவும் உட்கார்ந்திருந்தோம். உளி படாத கல்லைப் பற்றி அண்ணன் நெடுநேரம் பேசினார். அதோடு விட்டிருக்கலாம். அந்த ஊரிலிருந்து ஒருவரை வேன் வைத்துக் கூட்டி வந்திருந்தார், சால்வை போர்த்துவதற்காக. யார் என்று பார்த்தால் என்னுடைய ஆட்டுக்காரப் பெரியவரேதான்! அண்ணன் அவர் தோளில் கைபோட்டு மைக்கை நீட்டினார். "ஐயா, அந்தக் கல்லோட பேரை நீங்களே உங்க வாயால சொல்லுங்க."

பெரியவர் சபையைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார். "கொத்தில்லா சாமி" என்றார்.

"கேட்டீங்களா!" என்று அண்ணன் இரண்டு கையையும் விரித்தார். மண்டபத்தில் பாதிப் பேருக்குக் கன்னடம் வீட்டுப் பேச்சு. முதலில் ஒரு மூலையில் கிளுக்கென்றது, அப்புறம் கூரை அதிர்ந்தது. விரித்த கையோடு அண்ணன் நின்ற நிற்பும், பக்கத்தில் இருந்தவர் காதில் விஷயத்தைச் சொன்னதும் அந்த முகம் கருத்த விதமும் இருக்கிறதே, என் வயிற்றில் பால் வார்த்தது. அக்கா சிரிக்கவில்லை. என் கையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அத்தோடு நான் விட்டிருப்பேன். சென்ற மாதம் புதிதாக வந்த ஒரு பயனர், கலைக்களஞ்சியத்தில் 'கொத்தில்லா கல்' என்ற பெயரைத் திரும்பச் சேர்த்து, அண்ணனின் புத்தகத்தைச் சான்றாகக் கொடுத்திருந்தார். அழிக்கப் போன கையை நிறுத்திக்கொண்டேன். அச்சிட்ட நூல் அல்லவா, விதிப்படி மதிக்க வேண்டும். ஆகவே ஒரு வரி எழுதினேன். இக்கல்லுக்குக் 'கொத்தில்லா' என்பது பெயர் என இன்னார் தம் நூலில் கூறுகிறார், கன்னடத்தில் இச்சொல்லுக்குத் 'தெரியாது' என்று பொருள். இன்னார் என்ற இடத்தில் அவருடைய முழுப்பெயர், இரண்டு இனிஷியல்களோடு. அடிக்குறிப்பில் நூலின் பெயர், பக்க எண், கூடவே ஒரு கன்னட அகராதி. நாங்கள் கேட்டு அவர் தராத அந்த ஒரு வரியை, கேட்காமலே அவருக்குக் கொடுத்துவிட்டேன். அக்கா பார்த்துவிட்டு ஒரு காற்புள்ளியை மட்டும் மாற்றினார்.

நேற்று ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தியிருந்தேன். கர்நாடகா நம்பர் காரில் வந்த ஒரு குடும்பம் இறங்கிக் கல்லோடு படம் எடுத்துக்கொண்டது. அந்த அம்மாள் பலகையின் கீழ்வரியைக் காட்டி என்னிடம் கேட்டார். "இவரு யாரு மேடம்?"

"கொத்தில்லா" என்றேன்.