நுனி மேலே பார்த்த முள்

இறகையும் நூலையும் தூண்டில் முள்ளில் சுற்றிப் பூச்சி மாதிரிக் காட்டுவதும் ஒரு பிழைப்புத்தான்; தொண்ணூறுகளில் மூன்று வருடம் கனடாவில், மொன்றியலில் அதுதான் என் பிழைப்பு. ஒரு கடிதத்துக்காக வேலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்த சக பாவிகளுக்கு இது விளங்கும். ‘இவருக்கு நிரந்தர வேலை உண்டு’ என்று முதலாளி எழுதித் தந்தால்தான், கொழும்பு லொட்ஜ் அறையில் காத்திருந்த என் மனைவி செல்வியைக் கூப்பிடலாம்.

தகுதி

கடை டவுன்டவுனில், மெத்ரோ ரயில் வாசலுக்குப் பக்கத்தில். முதலாளி ரொஜே, அறுபது தாண்டிய தனிக்கட்டை. அவருடைய வாடிக்கையாளர்கள் தேடிப்போவது ஸ்டீல்ஹெட் என்ற மீன். பெரிய ஏரியில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறிவருவது. மீன் பிடித்திருக்கிறாயா என்று ரொஜே கேட்டார். நாங்கள் சைவக்காரர்; எங்கள் வீட்டில் மீன் மச்சம் காய்ச்சுகிற சட்டியே இல்லை. ஆனாலும் தலையாட்டிவிட்டேன்.

வேலை கிடைத்ததை டெலிபோனில் சொன்னபோது செல்வி கேட்டது ஒன்றுதான்: “விரத நாள் வெள்ளிக்கிழமையிலயும் அந்தத் தூண்டிலைத் தொடுறனீங்களோ?”

இரக்கம்

ஸ்டீல்ஹெட் பூச்சிக்கு வாலில் ஒரு முள் தொங்கும். முறைப்படி நுனி கீழே பார்த்தால் மீனின் நாக்கில் ஏறிவிடுமே என்று எனக்கு ஒரு இது. பாவம் பார்த்து, ஒரு பெட்டி முழுவதையும் நுனி மேலே பார்க்கக் கட்டிவிட்டேன். ரொஜே கவனிப்பதற்குள் பாதியைத் துறைமுக லொறிச் சாரதி ஒருவர் வாங்கிப் போய்விட்டார். ரொஜேயின் முகம் சிவந்ததைப் பார்த்து, வேலையும் போச்சு கடிதமும் போச்சு என்று நினைத்தேன்.

அடுத்த கிழமை சாரதி திரும்பி வந்தார், மிச்சப் பாதிக்கு. முள் ஆற்றுக் கல்லில் சிக்கவே இல்லையாம். மீனின் மேல் உதட்டில் ஏறியதால், இரத்தம் வராமல் திருப்பி ஆற்றில் விட முடிந்ததாம். ரொஜே என்னைப் பார்த்துச் சொன்னார்: “இனி எல்லாத்தையும் பிழையாகவே கட்டு.”

கலங்கல் தண்ணீர்

எந்தப் பூச்சி நல்லது என்று கேட்டால் நான் தண்ணீரை விசாரிப்பேன். தெளிந்த தண்ணீருக்குச் சிறியது, மங்கல் நிறம். கலங்கினால் பெரியது, கறுப்போ ஊதாவோ. புறநகரான டொலார்டிலிருந்து காரில் வரும் தமிழ்நாட்டு டாக்டர் ஒருவர் எந்தத் தண்ணீருக்கும் கறுப்பையே கேட்பார். அவருக்கு ஒரு மீனும் பட்டதில்லை. நிறத்தை மாற்றிப் பாருங்கள் என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று பிறகு கவலைப்பட்டேன், அவர் சொன்ன பதில் அப்படி: “மீன் வேணும்னு யாருங்க சொன்னா? ஆத்துல நிக்கும்போதுதான் யாரும் எந்த ஊர்னு கேக்கறதில்ல.”

கடிதம்

மூன்றாம் வருடம் என் அகதி வழக்கு சரிவந்தது. ரொஜே அன்றைக்கே கடிதத்தை எழுதி, கையெழுத்து வைத்து, உறையில் போட்டுத் தந்தார். அது திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை நல்ல நாள், அன்றைக்கு விண்ணப்பத்தோடு கொடுக்கலாம் என்று சாமிப் படத்தடியில் வைத்தேன். புதன்கிழமை ரொஜேக்கு மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகுமுன்னமே உயிர் போய்விட்டது. வியாழக்கிழமை அவருடைய சகோதரியின் மகன் வந்து கடையை இழுத்துப் பூட்டினான்.

வெள்ளிக்கிழமை, எங்கள் ஆட்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் சிவம் அண்ணையிடம் போனேன். அவர் இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “கடிதம் திறம், தம்பி. ஆனா இமிகிரேஷன்காரர் இந்த நம்பருக்கு அடிச்சா, ஆர் எடுக்கிறது?”

மூன்று வருடம் நான் கட்டிய பொய்களை மீன்கள் நாள் நட்சத்திரம் பாராமல் விழுங்கின; கையிலிருந்த ஒரே உண்மைக்கு நான்தான் நல்ல நாள் பார்த்தேன்.